புரோகிராம் பேருக்கு இன்னொரு பதிவேடு எதுக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பத்திரிகையில ஐடி படிப்பு, ஐடி வேலை எண்டு நிறைய வருது, ஆனா கோட் எழுதுற பிள்ளையள் அதுக்கு வைக்கிற பேரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. புறக்கோட்டையில ஒரு கடைக்காரர்ட வெப்சைட், வெப்சைட் செய்யுற வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குக் கூடுதல் வசதி சேர்க்கிற ப்ளகின் ஒண்டை அப்டேட் பண்ணின கையோட வெள்ளையாப் போச்சு, எரர் லொக்கைத் திறந்து பாத்தா 'கன்னாட் ரீடிக்ளேர் சென்ட்_எஸ்எம்எஸ்', அதாவது இந்தப் பேரைத் திரும்ப வைக்கேலாது எண்டு கிடக்கு. ரெண்டு ப்ளகின்லயும் அதே பேர்ல ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யுற கோட் துண்டு), வேர்ட்பிரஸ் எழுதின பிஎச்பி மொழி ரெண்டாவதைக் கண்ட இடத்திலயே நிண்டுடும். ரெண்டையும் எழுதினது கொழும்புப் பெடியள்தான், ஆளை ஆள் தெரியாது. பேருக்கு முன்னால உங்களுக்கெண்டு ஒரு அடையாளம் சேருங்கோ எண்டு வேர்ட்பிரஸ் கையேட்டிலயே கிடக்கு, ஆர் வாசிக்கினம்!

இதுக்கு இலங்கைக்கெண்டு பொதுவா ஒரு பேர்ப் பதிவேடு தொடங்குவம் எண்டு சிலபேர் சொல்லினம். எனக்கு அது சரியாப் படேல்லை. தொடங்குறது லேசு, பத்து வருஷம் ஆர் வச்சுப் பாக்கிறது? முந்தினவருக்கே பேர் எண்டா ஒண்டும் எழுதாதவரும் நல்ல பேரா பிடிச்சு வச்சிடுவார், சண்டை வந்தா தீர்ப்புச் சொல்லவும் ஆள் வேணும். 2016ல 'கிக்' எண்ட பேரை ஒரு கம்பனி கேக்க, ஜாவாஸ்கிரிப்ட் கோட் பக்கேஜுகளைப் போட்டு வைக்கிற என்பிஎம் பதிவேட்டுக்காரர் அதை வச்சிருந்தவரிட்ட இருந்து எடுத்துக் குடுக்க, அவர் கோவத்தில தன்ர பக்கேஜ் எல்லாத்தையும் தூக்கிட்டார், அதோட லெஃப்ட்-பேட் எண்ட 11 வரி கோடும் போய் உலகம் முழுக்க எத்தினையோ ப்ரொஜெக்ட் பில்ட் ஆகாம, அதாவது ஓடுற புரோகிராமா ஆகாம நிண்டுது. அவ்வளவு பெரிய பதிவேட்டுக்கே அந்தக் கதி.

எங்களிட்ட ஏற்கனவே ஒண்டு இருக்குத்தானே, .எல்கே டொமைன் எண்ட இலங்கை வெப்சைட் முகவரி, 1990ல இருந்து நடக்குது, ஒரு பேர் ஒருத்தருக்குத்தான். ஜாவா மொழியில கோட் எழுதுறவை செய்யுற மாதிரி அதைத் திருப்பிப் போட்டு எல்கே, புள்ளி, கம்பனிப் பேர், புள்ளி, ப்ரொஜெக்ட் பேர் எண்டு எழுதினா காணும். ஜாவா கோட் போட்டு வைக்கிற பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல்ல டொமைன் உங்கட எண்டு காட்டினாத்தான் அந்தப் பேர்ல போடவே விடுவினம். டொமைன் வாங்கக் காசில்லாத கம்பஸ் பிள்ளையள் கோட் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில இருக்கிற தங்கட கணக்குப் பேரை வச்சே போடலாம், அதையும் அங்க ஏற்கினம். ஒரு ஓட்டை இருக்கு, டொமைனைப் புதுப்பிக்காம விட்டா வேற ஆள் எடுத்திடலாம், அதால காசு கட்ட மறக்கிற கம்பனியள் கவனம்.

கம்பஸ்ல ஃபைனல் இயர் ப்ரொஜெக்ட் வாங்கேக்க லெக்சரர்மார் பேரையும் ஒருக்காப் பாத்து, 'யூடில்ஸ்', 'டெஸ்ட்1' எண்டு ஆரும் வைக்கக்கூடிய பேர் வந்தா திருப்பிக் குடுத்தா நல்லது.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்