கடுஞ்சொல் வேறு, ஆளைத் துரத்துவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அசிங்கமாக எழுதுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட ஒரு கடுமையான சட்டம் வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்தார். பிடிக்காவிட்டால் பிளாக் செய்துவிட்டுப் போகட்டும், கருத்துச் சுதந்திரத்தில் கை வைக்காதீர்கள் என்று இன்னொருவர் பதில் எழுதினார். நான் திண்டுக்கல்லில் மனு எழுதிக் கொடுக்கும் தொழில் செய்பவள். இந்த இருவர் சொல்வதில் எது நடந்தாலும், அடிபடுவது என் மேசைக்கு வருகிற சனங்கள்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

2019 கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்த பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர், பதவியில் இருந்தபோது என்னிடம் வந்தார். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிரிண்ட் எடுத்துத் தடித்த கட்டாகக் கொண்டுவந்திருந்தார். “ஒருத்தனையும் விடாம எழுதும்மா” என்றார். ஒவ்வொரு தாளாகப் படித்தேன். ‘சிமெண்ட் ரோட்டுக் காசைத் தின்னவ’, ‘கணக்கைக் காட்டு, இல்லேன்னா நாற்காலியை விட்டு இறங்கு’ என்ற வகைதான் பாதிக்கு மேல். பெருச்சாளி உடம்பில் அவர் தலையை ஒட்டி ஒருவன் படம் போட்டிருந்தான். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய தாள்களும் இருந்தன. அவற்றை உடனே தனியே எடுத்தேன், அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

கட்டின் அடியில் இருந்தவை வேறு மாதிரி. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளின் படம், கல்லூரிப் பெயர், கைபேசி எண், ‘பேசிப் பாருங்க’ என்று ஒரு வரி. அன்று இரவு முழுக்க அந்தப் பெண்ணின் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தெரியாத எண்களிலிருந்து வீடியோ கால். அடுத்து வந்த தாளில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. ‘இந்தப் பொண்ணு தினமும் காலையில எட்டேகாலுக்கு இந்த ஸ்டாப்புல நிக்கும்’ என்று மட்டும் இருந்தது. அந்தக் கட்டிலேயே என்னை நடுங்க வைத்த தாள் அதுதான்.

ரோட்டுக் கணக்கு கேட்ட தாள்களைத் திருப்பிக் கொடுத்து, “இதுக்கு மனு வேண்டாம்க்கா, கிராம சபையில கணக்கை வச்சிருங்க” என்றேன். “நீயும் அவனுங்க ஆளா?” என்று சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயமானது. பெண் என்பதால் அவருக்கு விழுந்த வசவில் பாதி, அவருக்கு முன் இருந்த ஆண் தலைவருக்கு விழுந்திருக்காது. ஆனாலும் பதவியில் இருப்பவரிடம் கணக்கு கேட்பவன் மரியாதையாகத்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டால், நாளைக்குக் கேட்கவே ஆள் இருக்காது. கேட்டவனுக்குப் பதில் சொல்ல அவருக்கு மேடை இருந்தது, மைக் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்தப் பெண் யாருக்கு என்ன பதில் சொல்வாள்?

கடுமையான சட்டம் கேட்கும் வாசகருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினாலே மூன்று ஆண்டு வரை சிறை. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவுக்கு மும்பை ஏன் அடைக்கப்பட வேண்டும் என்று முகநூலில் கேட்ட பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. விவாதிப்பதும் ஒரு கருத்துக்காக வாதாடுவதும் உரிமை, தூண்டிவிடுவது என்ற கட்டத்துக்குப் போனால்தான் தடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு பிரித்துச் சொன்னது.

66ஏ போன பிறகும் புத்தி போகவில்லை. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் தீக்குளித்தது. திரும்பத் திரும்ப மனு கொடுத்துப் பார்த்த குடும்பம். மனு எழுதும் எங்களைப் போன்றவர்களால் அதை மறக்கவே முடியாது. அதைக் கண்டு கொதித்துக் கார்ட்டூனிஸ்ட் பாலா, முதல்வரையும் அதிகாரிகளையும் ஆடையின்றி வரைந்தார். முகம் சுளிக்க வைக்கும் படம்தான். ஆனால் அது அவர்கள் பதவியில் செய்யத் தவறியதைப் பற்றியது. நெல்லை போலீஸ் சென்னைக்கே வந்து அவரைக் கைது செய்தது. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஆபாசத்துக்கான 67ஆம் பிரிவையும் போட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2016 ஜூனில், சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை மார்பிங் செய்து முகநூலில் போட்டார்கள். வீட்டார் புகார் கொடுத்தும் படம் நீங்கவில்லை, அடுத்த படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டாள். விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் கைபேசியை லஞ்சமாக வாங்கினார் என்ற புகார் எழுந்தது. மேலதிகாரி வருத்தம் தெரிவித்தது எல்லாம் முடிந்த பிறகுதான். கார்ட்டூனுக்கு இருந்த வேகத்தில் ஒரு பங்கு அந்தப் புகாருக்கு இருந்திருந்தால்!

பிளாக் செய்யச் சொன்னவருக்கும் சொல்கிறேன். ஒருவன் தொந்தரவு செய்தால் பிளாக் செய்யலாம். எண்ணைப் பொதுவில் போட்டு நூற்றுக்கணக்கானவர்களை ஏவிவிட்டால் யாரை பிளாக் செய்வது? பிடிபட்டால் ஒவ்வொருவனும் “நான் ஒரு தடவைதான் சார் பேசினேன்” என்பான். அது உண்மையாகவும் இருக்கும். ஃபார்வர்டு செய்தவர் தப்ப முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் காவல் நிலையத்தில் இன்றும் “உங்க நம்பரை மாத்திக்குங்க” என்பதுதான் பதில். பாதிக்கப்பட்டவள் எண்ணை மாற்ற வேண்டும், கணக்கை மூட வேண்டும், கடைசியில் படிப்பையும் நிறுத்த வேண்டும். அவளுடைய கருத்துச் சுதந்திரத்தை யார் கணக்கில் வைத்தார்கள்?

இருக்கிற சட்டத்தில் ஓட்டையும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தண்டிக்கிறது, இணையத்தில் கண்காணிப்பதையும் சேர்த்து. ஆனால் ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்தால் மட்டும்தான் அது பொருந்தும். சாதி மாறிக் கல்யாணம் செய்த பையன் வேலை பார்க்கும் இடத்தையும் அவன் வண்டி நம்பரையும் சாதிக்காரர்கள் குரூப்பில் போட்டால், 78 அவனுக்கு உதவாது. மிரட்டல் பிரிவு 351க்குப் போனால், “எங்கேம்மா மிரட்டியிருக்கான், அட்ரஸ்தானே போட்டிருக்கான்” என்கிறார்கள். அந்த அட்ரஸ் எதற்காகப் போடப்பட்டது என்பது ஊருக்கே தெரியும்.

எனவே சட்டம் கேட்பதென்றால் அளவாகக் கேளுங்கள். ஒருவருக்குத் தீங்கு வர வேண்டும் என்றே அவர் முகவரி, எண், பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றைப் பரப்புவதும், அவர்மேல் கூட்டத்தை ஏவுவதும் குற்றம் என்று மட்டும் எழுதட்டும். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம். ‘இழிவு’, ‘அவதூறு’ என்று வலையை அகலமாக வீசினால் 2020 நவம்பரில் கேரளத்தில் நடந்ததுதான் நடக்கும். இணையத் தாக்குதலைத் தடுக்கிறோம் என்று கேரள போலீஸ் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்க்கக் கொண்டுவந்த அவசரச் சட்டம் பத்திரிகைகளையே முடக்கும் என்று எதிர்ப்பு எழ, சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவாததைப் பற்றி ஸ்டேட்டஸ் வைத்த பையனுக்கு ஸ்டேஷனில் கேட்டபடி மன்னிப்புக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். அவன் கையெழுத்துப் போடும்போது அவன் அப்பா பக்கத்தில் நின்று அழுதார். அகலமான சட்டம் வந்தால் முதலில் அதில் சிக்குவது அவனைப் போன்ற பிள்ளைகள்தான்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிச் செய்தி போடும்போது தெருப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் அச்சிடாதீர்கள், முகநூலிலிருந்து படத்தை எடுத்துப் போடாதீர்கள். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. இவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை, உங்கள் முடிவு ஒன்றுதான் காப்பு. என் பெயரையும் போட வேண்டாம். போட்டால் நான் எழுதிய மனு யாருடையது என்று ஊரில் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மனு எழுதும் ஒரு வாசகி,
திண்டுக்கல்