காதொலிக் கருவியை அளந்து பொருத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் என் ஆச்சிக்குக் காதொலிக் கருவி வாங்கியபோது, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதித்த செவித்திறன் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, மென்பொருள் கணித்த ஒலியளவையே அப்படியே வைத்து அனுப்பிவிட்டார்கள். பேருந்து இரைச்சல் அவர் காதைத் துளைத்தது. 'பட்டு', 'தட்டு' இரண்டும் ஒன்றாகவே கேட்டன. கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

செவிக்குழாயின் அளவும் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், கருவியின் ஒரே அமைப்பில் வரும் ஒலி எல்லாருடைய செவிப்பறையையும் ஒரே அளவில் எட்டுவதில்லை. பின்னர் பாளையங்கோட்டையில் வேறொரு வல்லுநர், ஒலிவாங்கியோடு இணைந்த மெல்லிய குழாயைச் செவிப்பறை அருகே வைத்து, உள்ளே சேரும் ஒலியை அளந்தே கருவியைத் திருத்தினார். மூன்று வாரம் கழித்து மீண்டும் வரச்சொல்லிச் சரிபார்த்தார். இப்போது ஆச்சி தொலைபேசியில் பேசுகிறார்.

நம் மாவட்டத்தில் காதொலிக் கருவி வழங்கும் முகாம்களிலும் இந்த அளவீட்டையும் மறுவருகையையும் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்