ஆற்றங்கரை மாரியம்மன் கோவில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். பாலாலயத்துடன் தொடங்கிய திருப்பணி கும்பாபிஷேகம், மண்டலாபிஷேகம் கண்டு அம்பாள் அருளால் நிறைவெய்தியிருக்கிறது. கணக்காய்வு செய்த வரவு செலவு கோவில் அறிவித்தல் பலகையில் இருக்கிறது. என்ன வேலை நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம், இனி யார் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம். "இவ்வளவு செலவழித்தும் ஒரு ராஜகோபுரம் இல்லையா?" என்று கொழும்பிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கேட்டவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இங்கே இருக்கிறவர்களால் எதைப் பராமரிக்க முடியுமோ, அதைத்தான் கட்டினோம்.

கோவில் கட்டிய காலத்து ஆள்கணக்கு வேறு. இலங்கை மலையகத்தில், கெசல்கமு ஓயா என்ற ஆற்றின் கரையில், பொகவந்தலாவைக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் இருக்கும் நம் கடைவீதி தோட்டங்களை நம்பி வளர்ந்தது. 1869 இல் கோப்பி இலையில் பிடித்த நோய் சில வருடங்களில் கோப்பியையே ஒழித்துவிட, அந்த மண்ணில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து போகும் ஆட்கள் போதும். கொழுந்து அப்படி இல்லை, வருடம் முழுக்க எடுக்க வேண்டும். அதனால்தான் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். 1884 இல் ரயில் ஹட்டனுக்கு வந்தபின் அரிசி மூடையும் துணிக் கட்டும் அங்கே இறங்கி மாட்டுவண்டியில் பள்ளத்தாக்குக்குள் வந்தன. கடைவீதிக்கு அவ்வளவுதான் மூலதனம்: ஒரு ஆறு, ஒரு பாதை, சுற்றிலும் சம்பள நாள்.

அந்த ஆள்கணக்கு தேய்ந்தது ஒரே நாளில் அல்ல. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1965 இல் காசல்ரி அணை முடிந்தபோது பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி நீருக்குள் போனது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் தனி. 1971 குடிசன மதிப்பீட்டில் 11 இலட்சத்தைத் தாண்டியிருந்த "இந்தியத் தமிழர்" தொகை 1981 இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாக இறங்கியது. 2012 இல் அது 8 இலட்சத்து 39 ஆயிரம். பதிவில் "இலங்கைத் தமிழர்" என்று கொடுத்தவர்களும் இருப்பதால் இந்த எண்ணை அப்படியே தலைக்கணக்காக எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

நமக்கு அதைவிட நம்பகமானது திருவிழா வரிக் குறிப்பேடு. குடும்பத் தலைவர் பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), லயம், பிடித்த காசு என்று நான்கு பத்தி. எழுபதுகளின் ஏடுகளில் பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு, ஓரத்தில் "கப்பல்" என்று ஒரே சொல். ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பங்கள் அவை. சில பக்கங்களில் கோடு விழாத பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இப்போது கோடு போடுவதில்லை. வீடு இருக்கிறது, வரியும் வருகிறது, ஆள்தான் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ. காசு தரும் குடும்பமும் திருவிழாவுக்குக் கை கொடுக்கும் குடும்பமும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்தே ஒவ்வொரு வேலையையும் திட்டமிட்டோம்.

ஆற்றுப்பக்க மதில்

செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். பழைய மதில் கருங்கல்லும் சீமெந்துமாக ஆற்று வண்டல்மேல் நின்றது. நீர் வெளியேறத் துவாரம் ஒன்றுகூட இல்லை. வெள்ளம் ஏறும்போது அது விழவில்லை, வடியும்போதுதான் விழுந்தது. ஆறு சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். மதிலுக்குப் பின்னால் ஊறிய மண்ணில் நீர் நிற்கும். முன்னால் தாங்கிய தண்ணீர் போனதும் பின்னால் நின்றது தள்ளிவிடும். அடியையும் ஆறு ஏற்கனவே அரித்திருந்ததால் மூலைப் பகுதி முழுசாகச் சாய்ந்தது.

அதே இடத்தில் கொங்கிறீட் மதில் எழுப்பச் சொன்னவர்கள் பலர். கம்பிக்கூடைக் கல்லணையைத் தெரிவுசெய்தோம். நீர் அதற்குள்ளாலேயே வடிந்துவிடும், அடிமண் கொஞ்சம் இறங்கினாலும் கூடை வளைந்து கொடுக்கும், வெடிக்காது. 2 மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரமான கூடைகள். 18 மீற்றர் நீளத்துக்கு மூன்று அடுக்கு. கீழ் இரண்டு அடுக்கும் கரைக்குள் 2 மீற்றர் ஆழம் போகும்படி குறுக்கே 18, 18. மேல் அடுக்கு நெடுக்கே 9. ஆக 45. கீழ் அடுக்கு முழுதும் ஆற்றுப்படுகைக்குக் கீழே புதைந்திருக்கிறது. அதன் முன்னால் அரிப்பைத் தாங்க 30 சென்ரிமீற்றர் தடிப்பில் 6 தட்டைக் கூடைகள் விரித்திருக்கிறோம். எல்லாமாக ஏறத்தாழ 36 கியூப் கல் (ஒரு கியூப் 100 கன அடி).

ஆற்றிலேயே கல் கிடக்க, ஏன் லொறியில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். ஆற்றுக் கல் உருண்டை, கூடைக்குள் பூட்டாமல் உருளும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எடுக்கவும் கூடாது. உடைகல்லில் 10 முதல் 20 சென்ரிமீற்றர் அளவு மட்டும் எடுத்தோம். கூடை வலையின் கண்ணி 8 சென்ரிமீற்றர், அதைவிடச் சிறியது வெள்ளத்தில் வெளியே வந்துவிடும். லொறியிலிருந்து கொட்டி நிரப்ப விடவில்லை, கையால் அடுக்கவே கூலி கொடுத்தோம். கூடையில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் முன்முகத்தையும் பின்முகத்தையும் இழுகம்பியால் கட்டி, பிறகு அடுத்த பங்கு. இதை விட்டால் கூடை வயிறு தள்ளும். பின்னால் வடிதுணி விரித்த பிறகே மண் நிரப்பினோம். இல்லாவிட்டால் மண் கல்லிடுக்கால் கரைந்து ஆற்றோடு போய், பிரகாரத் தரை உள்ளே இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் பிரதேச சபை அனுமதியும் கோவில் பெட்டகத்தில் உள்ளன.

விமானம்

கருவறைமேல் விமானத்தின் சுதையில் கண்ட வெடிப்புக்குக் காரணம் வயது அல்ல, பின்னால் செய்த திருத்தங்கள். சுண்ணாம்புப் பூச்சின்மேல் சீமெந்து ஒட்டு, அதன்மேல் எனாமல் வர்ணம். நம் ஊர்ப் பனியிலும் சாரலிலும் உள்ளே போன ஈரம் வெளிவர வழியில்லாமல் சுதையைப் பொருக்காகத் தள்ளியது. வர்ணத்தைச் சுரண்டி, சீமெந்து ஒட்டுகளை உளியால் கழற்றி, மூன்று வாரம் ஊறிய சுண்ணாம்புக் கூழில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சலித்த மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து ஸ்தபதியார் புதிதாகப் பூசினார். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டவில்லை. சுண்ணாம்பு காற்றைப் பிடித்து இறுகும் பொருள், குளிரில் மெதுவாகத்தான் இறுகும். அதனால்தான் தென்மேல் மழைக்கு முந்திய தை முதல் பங்குனி வரையிலான வெயிலுக்குக் காத்திருந்தோம். தாமதம் என்று குறைப்பட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்துக்குக் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டும் முறைப்படி சேர்த்து இடிக்கப்பட்டன. இந்தக் குளிரில் மருந்து உரலிலேயே இறுகும். கைவிடாமல் இடித்து, இளஞ்சூட்டோடு சாத்த வேண்டியிருந்தது.

மண்டபக் கூரைக்கு அமானோ என்ற உலோகக் கூரைத் தகடு போட்டாயிற்று. ஓரம் ஆறு அங்குலம் மேற்படிகிறது, படிவின் வாய் காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கம்.

தேர்

இதில்தான் மனவருத்தம் அதிகம் என்று தெரியும். பழைய மரத்தேர் இனி வீதிக்கு வராது, கொட்டகையிலேயே இருக்கும். பலர் நினைப்பதுபோல் இழுக்க ஆளில்லாததால் அல்ல. ஏற்றத்தில் இழுக்க இளைஞர் பத்து இருபது பேர் திருவிழாவுக்கு வந்துவிடுகிறார்கள். பாலத்தடி இறக்கத்தில் பின்வடம் பிடித்து நிறுத்தத்தான் அதைப்போல் இருமடங்கு ஆள் வேண்டும், அதுவும் பழகிய ஆள். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவே. ஈரத் தாரில் இரும்புச் சக்கரம் வழுக்கினால் கட்டை தாங்காது. ஆகையால் நான்கு றப்பர் சக்கரம், திருப்பும் முன்னச்சு, கைத்தடுப்பு கொண்ட சப்பரம் ஒன்று செய்திருக்கிறோம். அம்பாள் வழமைபோல எல்லா டிவிஷனுக்கும் போவாள்.

ராஜகோபுரத்துக்கும் இதே நியாயம்தான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதற்குச் சாரம் கட்டி, சுதை திருத்தி, வர்ணம் பூச வேண்டும். அந்தச் செலவு அடுத்த தலைமுறையின் தலையில். கட்டும்போது வெளியூர்ப் பணம் வரும், திருத்தும்போது வராது. மலையகக் கோவில்கள் சிலவற்றில் கம்பி வெளியே தெரிய நிற்கும் அரைகுறைக் கோபுரங்களைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

உபயகாரர் பலகைகள்

வெளி மதிலில் ஈரச் சீமெந்தில் ஆணியால் எழுதிய பெயர்கள் இருந்தன. "ரூ. 2.50" என்பதில் புள்ளி ஆழமாகக் குத்தப்பட்டு ஓட்டையாகியிருக்கிறது. இடித்துக் கருங்கல்லில் புதிதாக வெட்டலாம் என்ற யோசனையைச் சபை ஏற்கவில்லை. பலகைகளை அறுத்தெடுத்து மண்டப உட்சுவரில் பதித்திருக்கிறோம், எழுத்துப்பிழை உட்பட. குறிப்பேடுகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டுள்ளன. தாத்தா பெயரைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் டிவிஷன் பெயரையும் போன வருடத்தையும் சொன்னால் பக்கத்தை எடுத்துக் கொடுக்கலாம்.

இனிப் பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பின்னும் கூடைகளின் கட்டுக்கம்பி அறுந்திருக்கிறதா என்று ஆற்றுப்பக்கம் இறங்கிப் பார்க்க வேண்டும். மதிலில் முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் விரல் தடிப்புக்கு முன்பே பிடுங்க வேண்டும். வைகாசி பிறக்குமுன் கூரைப் பீலிகளில் சேரும் இலையை அள்ள வேண்டும். விமானத்தில் எனாமல் பூச யாராவது உபயம் தர முன்வந்தால் நன்றி சொல்லி, அந்தப் பணத்தை விளக்கு எண்ணெய்க்கு எழுதிக்கொள்ளவும். சப்பரத்துக்குக் காற்றடிக்கும் பம்பு மடப்பள்ளி அலுமாரியில் இருக்கிறது. திறப்பு (சாவி) பூசகர் ஐயாவிடம்.

இவ்வண்ணம்,
திருப்பணிச் சபையினர்