அட்டையின் பின்பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை (அந்த ஆண்டுக்கான கடவுளின் வாக்காக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை) எடுக்க நிற்கும் வரிசையை உங்கள் நாளிதழில் படமாகப் பார்த்தேன். அந்த அட்டைகளில் தவறாமல் இடம்பெறும் வசனம் எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருவது அது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தைய வசனம் மட்டும் அச்சேறுவதே இல்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகுதான் ஊர் திரும்புதல் என்கிறது அது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நடுவயதைத் தாண்டியிருந்தவர்கள் எருசலேமை மறுபடி பார்க்கப்போவதில்லை. அதனால்தான் 5-ஆம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அட்டையை மட்டும் பிடித்திருப்பவருக்கு மார்ச்சில் ஸ்கேன் ரிப்போர்ட் மோசமாக வந்தால், கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்றுதான் தோன்றும்.

அந்த நேரம் பார்த்து, "உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுவார். மாற்கு 9:24-இல் பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் அழுகிறான். பிள்ளை சுகமானான். உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டு பணிந்தபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு 28:17 ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

ஜெபம் வரவில்லை என்பவர்கள் சொந்த வார்த்தை தேடித் தவிக்க வேண்டாம். வேதாகமத்திலுள்ள 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கலாம். ஆறே வசனம், ஒரு நிமிடம் ஆகும். முதல் இரண்டு வசனத்திலேயே 'எதுவரைக்கும்' நான்கு முறை வருகிறது. ஐந்தாம் வசனத்தில் குரல் நம்பிக்கைக்குத் திரும்பும். அங்கே நாக்கு எழும்பாவிட்டால் நான்கோடு நிறுத்திவிடுங்கள், பொய் சொல்ல வேண்டியதில்லை. 88-ஆம் சங்கீதமோ கடைசிவரை இருட்டுதான். கத்தோலிக்கத் திருச்சபை அதை வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்திலேயே வைத்திருக்கிறது.

இன்னொன்று, உபவாச ஜெபம். நான்கு நாளாகத் தூங்காதவரைப் போய் உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் விழுந்த எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா மறுபடி படுத்துத் தூங்கினார், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசியது 40 நாள் கழித்து, ஓரேப் மலையில் (1 இராஜாக்கள் 19).

மனம் வறண்ட நாட்களில் முந்தைய தீர்மானத்தை மாற்றாதே, ஜெப நேரத்தைக் குறைக்கத் தோன்றினால் கொஞ்சம் கூட்டு என்பது இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் யோசனை. கத்தோலிக்கர் சொன்னதாயிற்றே என்று சி.எஸ்.ஐ. போன்ற புராட்டஸ்டன்ட் சபைப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சபையை விடுவதா, ஊழியத்தை விடுவதா என்ற முடிவை ராத்திரி பதினொரு மணிக்கு எடுக்காதிருக்க இது உதவும்.

ஆனால் இதே இஞ்ஞாசியாரை ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் வேறொரு தொல்லை பிடித்தது. அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் மனம் அடங்காத நிலை. 'மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ' என்று தினமும் போன் செய்பவரை ஆயர்கள் அறிவார்கள். ஒவ்வொரு முறையும் தேற்றினால் ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு அதே கேள்வி இன்னும் வேகமாக வரும். தேற்றுதலே அந்தச் சுழலுக்குத் தீனி ஆகிறது. இது எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லையென்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் 14416 எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. அடுத்த டிசம்பரில் அச்சுக்குக் கொடுக்கும்போது 10-ஆம் வசனத்தையும் அங்கே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருச்சபை ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை