ஊழியத்தின் ஐம்பதாம் ஆண்டில் தம்பிக்கு எழுதியது

வின்னிபெக், கனடா
20 ஜனவரி 2026

கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான தம்பி சாமுவேலுக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நம்முடைய ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் இன்ப நாமத்தில் உனக்கும் எஸ்தருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். இவ்விடத்தில் நானும் மகள் கிரேஸும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையினால் சுகமாயிருக்கிறோம். அங்கும் அனைவரும் அப்படியே இருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன்.

நீ கிறிஸ்துமஸுக்கு முன் எழுதிய கடிதம் புதுவருடம் பிறந்த பிறகு வந்து சேர்ந்தது. போனில் அவ்வப்போது பேசிக்கொள்கிறோம் என்றாலும், உன் கையெழுத்தைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டதால் அதை மேஜைமேல் வைத்து இரண்டு நாள் படித்துக்கொண்டே இருந்தேன். நான் குருப்பட்டம் பெற்று இந்த ஆண்டோடு 50 ஆண்டுகள் நிறைவதால், பிரதிஷ்டைப் பண்டிகையில் சபையார் எனக்காக ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைக்கப்போவதாகவும், அன்று வாசிக்க நான் ஏதாவது எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அதைக் கீழே எழுதுகிறேன். அதற்குமுன் எஸ்தர் கேட்டிருந்த குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலையில் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. இந்த ஊரில் ராத்திரியில் கார்களுக்கும் மின்சார இணைப்பு கொடுக்கிறார்கள். எஞ்சினைச் சூடாக வைக்கும் கம்பி ஒன்று காரின் முன்பக்கத்தில் தொங்குகிறது, அதைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. வெளியே வந்து மூச்சை இழுத்தவுடன் மூக்கு மயிரெல்லாம் விறைத்துக்கொள்கிறது. காற்றடிக்கும் நாளில் பனித்தூள் தரையோடு தரையாக ஓடி மேடு கட்டுவதைப் பார்த்தால் நம் குதிரைமொழித் தேரியில் ஆடிக்காற்றுக்குச் செம்மண் ஓடுவதைப் போலவே இருக்கிறது. தோசைமாவு பொங்காததால் கிரேஸ் அதை அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, உள்ளிருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிடுகிறாள். விடிவதற்குள் நன்றாகப் பொங்கிவிடுகிறது. எஸ்தர் கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியை ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு மட்டும் தட்டிப் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு வட்டு மீதியிருக்கிறது. முதலூர் மஸ்கோத் அல்வா வந்த அன்றைக்கே பிள்ளைகள் முடித்துவிட்டார்கள்.

மருமகன் இப்போது பகலில் வீட்டில்தான் அதிகம் இருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் கூட்டிவரவும் அது நல்ல உதவியாயிருக்கிறது. நீ கேட்ட கண் பரிசோதனையைக் கோடைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். பெரிய எழுத்து வேதாகமம் இருப்பதால் சிரமம் ஒன்றும் இல்லை, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஆலயத்துக்கு நடந்தே போய்வருகிறேன், உடம்புக்கு நல்லது. இங்குள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். திருவிருந்து ஒழுங்கு நமக்குப் பழகியதுதான் என்பதால் மொழி வேறானாலும் மனம் தடுமாறுவதில்லை. நம் பக்கத்துக் குடும்பங்கள் சில மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிக் கீர்த்தனை பாடுகிறோம்.

பக்கத்து வீட்டில் உக்ரைன் வம்சத்து மூதாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். அவர்களுடைய முன்னோர் 1890களில் இந்த மாகாணத்துக்கு வந்து காடு திருத்திக் கோதுமை விதைத்தவர்கள். எண்பது தாண்டிய அந்த அம்மாள் விடியுமுன் மண்வெட்டியோடு வந்து தம் வாசலையும் எங்கள் வாசலையும் சேர்த்துப் பனி தள்ளிவிடுவார். நான் எழுந்துபோய் மண்வெட்டியைக் கேட்டால், குருவானவர் கையில் கொடுக்கக்கூடாது என்று தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே இருப்பார். அவர்கள் பழைய பஞ்சாங்கப்படி ஜனவரி 7இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். முந்தின நாள் ராத்திரி எங்கள் எல்லாரையும் விருந்துக்கு அழைத்திருந்தார். மேஜை விரிப்புக்குக் கீழே வைக்கோல் பரப்பி, இறைச்சி சேராத பன்னிரண்டு பதார்த்தம் வைத்திருந்தார். அவித்த கோதுமையில் தேனும் கசகசாவும் கலந்த ஒன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டுமாம். மேஜையில் ஒரு தட்டும் கரண்டியும் யாரும் உட்காராத இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. இறந்துபோன வீட்டாருக்காக அப்படி வைப்பது அவர்கள் வழக்கம். என்னை ஜெபிக்கச் சொன்னார், தமிழிலேயே ஜெபித்தேன். பாதியில் உன் மதினியின் முகம் வந்துவிட்டது, சாமுவேல். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கிரேஸ்தான் ஆமென் சொல்லி முடித்தாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவள் ஒருத்தியாகப் படுத்திருக்க, நான் இத்தனை கடல் தாண்டி உட்கார்ந்து கோதுமைக் கஞ்சி சாப்பிடுகிறேனே என்ற நினைப்பு அன்றைக்கு ராத்திரி தூங்கவிடவில்லை. இதை அத்தையிடம் சொல்லாதே.

இனி சபைக்கு வாசிக்க வேண்டியது. நீ இதை உன் சொந்த வார்த்தையில் சுருக்காமல் எழுதியபடியே வாசிக்க வேண்டும்.

இந்த நீண்ட ஊழிய நாட்களுக்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். மதுரை அரசரடியில் 1969இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் நான் அங்கே படிக்கப் போனேன். படிப்பு முடிந்து 1976இல் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில் பேராயர் என் தலையில் கை வைத்தார். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய அந்த ஆலயத்தில், நம் அப்பா பனையேறிக் காய்ப்புப் பிடித்த கைகளைக் கூப்பிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றதை நான் மறக்கவில்லை. படிப்பு இறையியலைக் கற்றுக்கொடுத்தது. ஊழியத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் சபையார்.

குருவாக என்னை வைத்த முதல் சேகரம், அதாவது பல சபைகள் சேர்ந்த வட்டாரம், தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. சைக்கிளை மிதிக்க முடியாமல் மணலில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சின்னச் சின்ன சபைகள் பல இருந்தன. நான் ஒரு சபைக்குத் திருவிருந்து கொடுக்கப் போகும் ஞாயிறில் மற்றச் சபைகளில் ஆராதனை நடத்தியவர்கள் உபதேசியார்கள். அவர்களில் முதியவர் ஒருவர் எனக்குப் பிரசங்கம் பண்ணச் சொல்லிக்கொடுத்தார். முதல் மாதத்தில் நான் முக்கால் மணி நேரம் பேசி முடித்தபோது, அவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, பதநீர் இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார்கள், இன்னும் கஞ்சி குடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒருபோதும் இருபது நிமிடத்துக்குமேல் நான் பேசியதில்லை. விடியற்காலையில் ஜெபவீட்டுக்குப் போகும் வழியில் பனைமரத்திலிருந்து இறங்கும் சகோதரர் ஓலைப் பட்டையை மடித்து என் கையில் கொடுத்துப் பதநீர் ஊற்றுவார்; குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று, நன்றி சொல்ல இடங்கொடாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்.

கைப்பிடி அரிசியைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலை வைக்கும்முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சிறு கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள் நம் தாய்மார். மழை பொய்த்த ஒரு வருடத்தில் விதவைத் தாய் ஒருவர் அரிசி இல்லாமல் ஒரு சில்லுக் கருப்பட்டியைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். ஆராதனை முடிந்து ஏலம் விட்டபோது அதை எடுத்தவர் அவரிடமே திருப்பிக் கொடுக்கப் போக, அந்தத் தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொடுத்தது கர்த்தருக்கு என்றார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பின்பு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனதும் இப்படிப்பட்ட சபைகளின் பலத்தில்தான். என்னையும் அந்த அரிசிதான் போஷித்தது. என் மனைவி நம் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளியில் பாடம் நடத்திவந்த சம்பளத்தில் குருமனையின் அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு மாறுதலுக்கும் லாரியில் சாமான் ஏற்றி, புதிய ஊரில் முதல் நாளே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவிடுவாள். ஊழியம் என்று என் பெயரில் எழுதியிருப்பதில் பாதி அவளுடையது.

ஆகையால் பண்டிகையில் எனக்குப் பொன்னாடையும் பிளக்ஸ் பலகையும் வேண்டாம். அதற்கு ஒதுக்கிய பணத்தைச் சபையார் கூடி உண்ணும் அசனத்துக்குச் சேர்த்துவிடுங்கள். பந்தியில் முதலில் பனைத்தொழிலாளர் குடும்பங்களும் உபதேசியார் குடும்பங்களும் உட்கார வேண்டும். என்னால் மனம் நொந்தவர் யாராவது சபையில் இருந்தால் அவர்களுக்காக நான் ஜெபிக்கிறேன் என்று சொல்லுங்கள். கர்த்தர் நம்மெல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

இதோடு சபைக்கு எழுதியது முடிந்தது. மற்றவை நம் வீட்டுக் காரியங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் விழுந்த கிழக்கு மதில் இன்னும் எடுத்துக் கட்டப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்குமேல் பெய்த அந்த மழையில் நம் வீடு நின்றதே பெரிது. ஆனாலும் அடுத்த ஐப்பசிக்கு முன் மதிலைக் கட்டிவிடு, அடித்தளத்துக்குக் கல் போடு, செங்கல் வேண்டாம். விளையின் பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது சரியல்ல. சர்வேயரை அழைத்து அளந்து, நம் நான்கு பேர் பெயருக்கும் மாற்ற மனு கொடு. எனக்காகக் கையெழுத்திட உனக்கு அதிகாரப் பத்திரம் அனுப்புகிறேன். தூதரகத்தில் அத்தாட்சி பெற வேண்டியிருப்பதால் சற்று நாளாகும். விளையை விற்கும் எண்ணம் தங்கைக்கு இருந்தால் ஜூன் மாதத்துக்குள் எனக்குச் சொல். என் பங்குக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஜூனுக்குள் தெரிந்தால் நல்லது. பனைகளை மட்டும் வெட்ட விடாதே. வாங்குகிறவரிடம் முதலிலேயே பேசிக்கொள்.

என் பென்ஷனில் அத்தைக்கு மாதாமாதம் கொடுப்பதை நிறுத்தாதே, மருந்துச் செலவு கூடியிருந்தால் கூடவே கொடு. ஊருக்கு வருவதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கிரேஸ் சொல்கிறாள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து முடிவு செய்வோம்.

ஜெபசீலியின் கலியாணத்துக்கு நான் நின்று ஆசீர்வதிக்க முடியாமற்போவது எனக்குப் பெரிய வருத்தம். மதினியின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், நீல வெல்வெட் பையில் இரண்டு வளையல் இருக்கிறது. சாவி எஸ்தரிடம்தான் இருக்கிறது. அதை ஜெபசீலிக்குப் பெரியம்மா கொடுத்தது என்று சொல்லிப் போட்டுவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒத்துக்கொள்ளாதே. தேவைப்பட்டால் என்னோடு பேசச் சொல். ஆலயத்தில் கலியாண அறிவிப்பின் முதல் ஓலை எந்த ஞாயிறு வாசிக்கிறார்கள் என்று உடனே எழுது.

உன் அன்புள்ள அண்ணன்