எடை போட்டு இறக்கச் சொல்லுங்கள்

எங்கள் பகுதி ரேஷன் கடைகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கடை விற்பனையாளர் அக்காவை நீங்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்து இன்றோடு 12 நாள். அரிசி இருப்பு குறைவு என்கிறது உத்தரவு. அந்தக் குறைவு கடையில் வந்ததா, கடைக்கு வரும் முன்பே வந்ததா என்று யாராவது விசாரித்தீர்களா?

கிடங்கு லாரி வரும்போது நான் பலமுறை அங்கே நின்றிருக்கிறேன். சீட்டில் மூட்டைக்கு 50 கிலோ. எடை போட்டு இறக்குங்கள் என்று அக்கா கேட்டால், "எல்லாக் கடைக்கும் இப்படித்தான்க்கா, கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். போடாவிட்டால் லோடு திரும்பிவிடும். மறுநாள் பையோடு வரிசையில் நிற்கும் எங்களுக்கு அவர்தானே பதில் சொல்லணும்? போட்டுவிடுவார். போன மாதம் ஒரு மூட்டையை என் கண்முன்னே தராசில் ஏற்றினார். சாக்கோடு சேர்த்து 47 கிலோ 600. குறைந்த அரிசிக்குத் தன் சம்பளத்திலிருந்து எத்தனையோ முறை பணம் கட்டியிருக்கிறார்.

பலிகடா என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊர்க் கோயிலில் கடா வெட்டும் முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் அது சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலிர்க்காது? அக்காவின் கையெழுத்தையும் அப்படித்தான் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். விவிலியத்தில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் ஒரு ஆடு வருகிறது. தலைமைக் குருவான ஆரோன் அதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களை அதன்மேல் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்புவார். தமிழ் விவிலியம் அதைப் போக்காடு என்கிறது. ஆனால் அவர்கள்கூட, பாவம் தங்களுடையது என்று வாய்விட்டு அறிக்கையிட்ட பிறகுதான் ஆட்டை அனுப்பினார்கள். உங்கள் உத்தரவில் கிடங்கைப் பற்றியோ லாரியைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

எந்த இலாகாவில் எது நடந்தாலும் கடைசிப் படியில் நிற்பவர்தான் முதலில் மாட்டுகிறார். சாக்கடைக் குழியில் ஆள் செத்தால் மேஸ்திரி, மின்கம்பத்தில் ஆள் செத்தால் ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு. கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துவிட்டது.

மன்னிக்கவும், கடைக்கே வருகிறேன். அக்காவின் பணிநீக்கத்தைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். கிடங்கிலிருந்தே விசாரணையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு மூட்டையையும் கடை வாசலில் எடை போட்டு இறக்கச் சொல்லுங்கள். அடுத்த லோடு வரும் நாளில் உங்களில் ஒருவர் நேரில் வந்தால் நல்லது. தராசு கடையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு குடும்ப அட்டைதாரர்