பிஷ்னோய் ஊருக்கு எதற்கு ‘சஃபாரி’?

வடஇந்தியச் சுற்றுலா நடத்தும் கோலாலம்பூர் தமிழ் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கான உங்கள் துண்டறிக்கைகள் புலனத்தில் சுற்றத் தொடங்கிவிட்டன. ஆக்ரா, ஜெய்ப்பூர் எல்லாம் வழக்கம்போல. ஜோத்பூருக்கு நேரே மட்டும் ஒரு வரி: ‘பிஷ்னோய் கிராம சஃபாரி, ஜீப் பயணம், மான் பார்த்தல், அபின் விருந்து, அரை நாள்.’ அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். உங்களில் ஒருவருடைய குழுவில் முன்பு நானும் போயிருக்கிறேன், அதனால் காகிதத்தை மட்டும் பார்த்துப் பேசவில்லை.

முதலில் அந்த அபின். பிஷ்னோய் மக்கள் ராஜஸ்தானில் வாழும் ஒரு சமயச் சமூகத்தினர், குரு ஜம்பேஸ்வரரின் வழியில் வருபவர்கள். 1485-இல் அவர் வகுத்தது 29 நெறிகள். பச்சை மரத்தை வெட்டக்கூடாது, உயிர்களிடம் இரக்கம் வேண்டும் என்பவற்றோடு, அபின், புகையிலை, மது எதையும் தொடக்கூடாது என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. விருந்தாளியின் உள்ளங்கையில் அபின் கரைசலை ஊற்றுவது ஜோத்பூரைச் சுற்றியுள்ள மார்வார் வட்டாரத்தின் பழைய உபசாரம். அதைப் பிஷ்னோய்ப் பண்பாடு என்று விற்பது, பால்குடத்தோடு கள்ளுக்குடத்தையும் வைத்து ‘இதுதான் தைப்பூசம்’ என்று காட்டுவதுபோல. அங்கே ஒருவர்கூடத் தொடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. நாம் மட்டும் சொன்னபடியா நடக்கிறோம்? ஆனால் துண்டறிக்கையில் அச்சடித்துக் காசு வாங்கும்போது கொஞ்சம் விசாரித்திருக்கலாம். தவிர, போதைப்பொருளுக்கு எதிராக இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களிடம் வழிகாட்டி “சும்மா ஒரு மடக்கு, அங்கிள்” என்று கையை நீட்டச் சொல்வதை நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே பார்ப்பது சரியா?

அப்புறம் மான். அங்கே பார்ப்பது வெளிமான், கிண்டியிலும் கோடியக்கரையிலும் இருக்கும் அதே முறுக்குக் கொம்பு மான்தான். ஊர் வயலோரத்தில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்தும் ஓடாமல் மேய்கிறது என்றால், தலைமுறை தலைமுறையாக அதை யாரும் துரத்தவில்லை என்று பொருள். தாயை இழந்த குட்டிக்குத் தன் பாலையே கொடுத்து வளர்த்த பெண்கள் உள்ள ஊர்கள் அவை. எங்கள் ஓட்டுநர் என்ன செய்தார் தெரியுமா? படத்தில் துள்ளல் வேண்டும் என்று பாதையை விட்டு இறங்கி மந்தையை நோக்கி ஜீப்பை விட்டார். 1998-இல் படப்பிடிப்புக்கு வந்த ஒரு இந்தி நடிகர் மீது வெளிமான் வேட்டை வழக்குப் போடப்பட்டது. பிஷ்னோய் மக்கள் இருபது ஆண்டுகள் அந்த வழக்கை விடவில்லை. 2018-இல் ஜோத்பூர் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் ஜாமீனில் வந்தார், மேல்முறையீடு செய்தார், அது வேறு கதை. அப்படிப்பட்டவர்களின் நிலத்தில்தான் நாம் மானை வண்டியால் விரட்டிப் படம் எடுத்தோம்.

காட்ட வேண்டியதை மட்டும் காட்டவே இல்லை. ஜோத்பூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் கேஜட்லி என்ற ஊர். 1730-இல் ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டியிருந்தது. ஆட்கள் அந்த ஊர் மரங்களை வெட்ட வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பெண் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார். “ஒரு தலை போய் ஒரு மரம் பிழைத்தால் அது மலிவுதான்” என்று அவர் சொன்னதாக அங்கே சொல்கிறார்கள். அவர் தலை விழுந்தது. பிறகு அவருடைய மூன்று பெண்கள். சுற்றியிருந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மன்னருக்குச் செய்தி போய் அவர் நிறுத்தச் சொல்வதற்குள் 363 பேர் போய்விட்டார்கள். இன்று இந்தியா முழுக்க செப்டம்பர் 11-ஐ வனத் தியாகிகள் நாளாக அனுசரிக்கிறார்கள்.

அவர்கள் கட்டிக்கொண்டது வேறெந்த மரமும் இல்லை, நம் வன்னி மரம். பிள்ளையாருக்கு அதன் இலையைச் சாத்துகிறோம், விஜயதசமிக்கு அதன் மேல் அம்பு போடுகிறோம். இந்த நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர் அந்த மரத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கேஜட்லியில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் பார்த்திருப்பார்கள். நேரமில்லை என்றார்கள். கம்பளக் கடையில் முக்கால் மணி நேரம் நிற்க மட்டும் நேரம் இருந்தது.

காட்சிப்பொருளாக நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்திய அண்ணன் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும்போது நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! அங்கே ஒரு வீட்டில், மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரச் சொல்லி அந்த வீட்டு அம்மாவை நம் குழு இரண்டு தடவை கேட்டது. அவர் வரவில்லை. வழிகாட்டி ‘இன்று மூட் இல்லை போல’ என்றார்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அரை நாளை முழு நாளாக்குங்கள், கேஜட்லியில் தொடங்குங்கள். விடுதிக்காரர் அனுப்பும் ஆளை விட்டுவிட்டு ஒரு பிஷ்னோய் இளைஞரையே வழிகாட்டியாக வையுங்கள். அவர் நிற்கச் சொன்ன இடத்தில் ஜீப் நிற்கட்டும். பகல் சாப்பாடு அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், காசு அந்த வீட்டுக்குப் போகட்டும். கம்பு ரொட்டியும் சாங்ரிக் கறியும் கிடைக்கும். சாங்ரி என்பது அதே வன்னி மரத்தின் காய்தான். அவர்கள் சுத்த சைவம், ஆகவே நம் ஆட்கள் கைப்பையில் கொண்டுவரும் நெத்திலி சம்பல் போத்தலைப் பேருந்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். பிஸ்கட் பொட்டலமும் அங்கேயே இருக்கட்டும். அனுமார் வம்சம் என்று கும்பிட்டுவிட்டுப் பத்துமலைக் குரங்குக்குப் பிளாஸ்டிக் பையோடு வாழைப்பழம் கொடுக்கிற பழக்கத்தை மானிடமும் காட்ட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கொடுக்கும் குழுச் சட்டை. நீல உடை உடுத்தக்கூடாது என்பதும் அந்த 29-இல் ஒன்று. விருந்தாளியிடம் அவர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் நாற்பது பேர் பளிச்சென்ற நீலத்தில் போய் இறங்கினோம். இந்த முறை அச்சுக்குக் கொடுக்கும் முன் நிறத்தை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருவர்
கோலாலம்பூர்